எட்டுக் கால் ஐசிக்கு ஃபுட்பிரின்ட்: கீகேட்டில் கையால் வரைவது

ஒரு பாகத்தின் கால்களைப் பற்றவைக்க சர்க்யூட் போர்டில் விடும் செம்புத் திட்டுகளுக்குப் பேட் என்று பெயர்; அவை அடங்கிய வரைபடமே ஃபுட்பிரின்ட். முதல் ஃபுட்பிரின்ட்டாக, போர்டு வடிவமைக்கும் மென்பொருளான கீகேட்டின் லைப்ரரியில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றையே வரையுங்கள். முடித்ததும் விடையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதற்குத் தோதானது எஸ்ஓஐசி-8 என்ற எட்டுக் கால் ஐசி உடலமைப்பு.

மென்பொருளைத் திறக்கும் முன், ஐசி தயாரிப்பாளர் தரும் விவரக் கோப்பான டேட்டாஷீட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். குறித்துக்கொள்ள வேண்டியவை: அடுத்தடுத்த கால்களின் இடைவெளி 1.27 மி.மீ., இருபக்கக் கால் நுனிகளுக்கு இடையே 5.8 முதல் 6.2 வரை, உடல் அகலம் 3.9, நீளம் 4.9. இடைவெளியை 1.25 என்றோ 1.3 என்றோ முழுமைப்படுத்தாதீர்கள். எட்டுக் காலில் அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது; நாற்பது கால் கனெக்டரில் கடைசிக் கால் பேடை விட்டே விலகி நிற்கும்.

எட்டுக் கால் ஐசி எல்லாம் ஒரே அகலம் என்று நினைப்பதும் தவறு. டபிள்யூ25கியூ வரிசை ஃப்ளாஷ் மெமரிகள் 150 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உடலிலும் வருகின்றன, 208 மில் உடலிலும் வருகின்றன. இரண்டிலும் கால் இடைவெளி ஒன்றுதான். ஒன்றுக்கு வரைந்ததில் மற்றது சரியாக உட்காராது. வாங்கப்போகும் பாகத்தின் முழு எண்ணை, கடைசி எழுத்துகள் வரை பார்த்துவிட்டு வரையுங்கள்.

இனி ஃபுட்பிரின்ட் எடிட்டர். ஃபைல் மெனுவில் புதிய லைப்ரரி ஒன்றை உருவாக்குங்கள். உடன் வரும் லைப்ரரிகள் படிக்க மட்டுமே, அவற்றில் சேமிக்க முடியாது. புது ஃபுட்பிரின்ட்டின் வகையை எஸ்எம்டி (துளையின்றிப் போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் பாகம்) என்று தேர்ந்தெடுங்கள். இதைத் தவறவிட்டால், இயந்திரத்தில் பாகம் பொருத்தக் கொடுக்கும் பொசிஷன் ஃபைலில் இந்த ஐசி விடுபட்டுப்போகலாம்.

பேட் அளவு நீளம் 1.95, அகலம் 0.6. மையத்திலிருந்து எக்ஸ் தூரம் 2.475. கணக்கு எளிது: 2.475 உடன் பாதி நீளம் 0.975 சேர்த்தால் பேடின் வெளிமுனை 3.45. கால் நுனி அதிகபட்சம் 3.1 வரை (6.2-இன் பாதி) வரும். மீதி 0.35 மி.மீ.தான் நுனியில் ஈயம் சரிவாகப் படிய இடம். காலுக்கும் பேடுக்கும் சரிசமமாக அளவு வைத்தால், கையால் பற்றவைக்கும்போது இரும்பு முனை தொட இடமே இருக்காது.

ஒய் மதிப்புகள் −1.905, −0.635, 0.635, 1.905. கீகேட்டில் ஒய் அச்சு கீழ்நோக்கிக் கூடும் என்பதால் எதிர்ம மதிப்பு மேலே இருக்கும். 1 முதல் 4 வரை இடப்பக்கம் மேலிருந்து கீழே, 5 முதல் 8 வரை வலப்பக்கம் கீழிருந்து மேலே. சுட்டியால் இழுத்து வைக்காமல், பேடின் பண்புப் பெட்டியில் எண்ணாகத் தட்டச்சு செய்யுங்கள்.

வரைபடம் மேலிருந்து பார்த்ததா, அடியிலிருந்து பார்த்ததா என்று படத்தருகே உள்ள சிறு எழுத்தைக் கட்டாயம் படியுங்கள். கனெக்டர்களிலும் அடியில் பேடுள்ள மாட்யூல்களிலும் அடிப்பக்கத் தோற்றம் வருவதுண்டு. அப்படியே நகல் எடுத்தால் ஃபுட்பிரின்ட் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். டிஆர்சி எனும் கீகேட்டின் தானியங்கி விதிச் சோதனை இதைப் பிடிக்காது. அதற்குப் பேட் எண்தான் தெரியும், உங்கள் கையிலிருக்கும் பாகம் தெரியாது.

எண் விஷயத்தில் டிரான்சிஸ்டர்கள் இன்னும் மோசம். தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். இரண்டும் டிஓ-92 என்ற ஒரே உடலமைப்புதான். சர்க்யூட் படத்திலுள்ள சிம்பலின் பின் (கால்) எண்ணும் பேட் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

போர்டின் மேல் மையால் அச்சாகும் சில்க்ஸ்கிரீன் கோடு 0.12 மி.மீ. போதும், பேட் மேல் ஏறக்கூடாது. முதல் காலுக்கான அடையாளம் ஐசியைப் பொருத்திய பிறகும் வெளியே தெரியட்டும். உடலுக்கு அடியில் புள்ளி வைப்பது வீண். வேறு பாகம் நுழையக்கூடாத இடத்தைக் குறிக்கும் கோர்ட்யார்ட் எல்லை, பேட்களையும் உடலையும் தாண்டி எல்லாப் பக்கமும் 0.25 மி.மீ.: இங்கே எக்ஸ் ±3.7, ஒய் ±2.7.

துளைக்கால் பாகங்களில் அதிகம் சறுக்குவது சதுரக் கால். 2.54 மி.மீ. இடைவெளியில் ஊசிகள் வரிசையாக நிற்கும் பின் ஹெடரின் கால் 0.64 மி.மீ. சதுரம், மூலைவிட்டம் 0.9 ஆகிவிடும். 0.64-ஐ மட்டும் பார்த்து 0.8 துளை போட்டால் கால் இறங்காது. துளை 1.0, பேட் 1.7 வையுங்கள்.

ஐசிக்கு அடியில் வெப்பம் கடத்தும் பெரிய பேட் இருந்தால், ஈயப் பசை தடவும் இடத்தைக் குறிக்கும் பேஸ்ட் லேயரை ஒரே சதுரமாக விடாமல் சிறு கட்டங்களாகப் பிரியுங்கள். முழுவதும் பேஸ்ட் தடவினால் உருகும்போது ஐசி மேலே மிதந்து, ஓரக் கால்கள் பேடைத் தொடாமல் நிற்கும்.

கடைசியாக 1:1 அளவில் அச்செடுங்கள். பிரிண்டர் அமைப்பில் பக்கத்துக்குப் பொருத்தும் தேர்வு இருந்தால் எடுத்துவிடுங்கள். அதுதான் சத்தமில்லாமல் படத்தைச் சுருக்கும். நிஜ ஐசியைத் தாளில் வைத்து, முதல் காலில் தொடங்கி எட்டும் பேட் மேல் உட்காருகின்றனவா என்று லென்ஸ் வழியே பாருங்கள். ஹெடர் என்றால் தாளைத் தெர்மாகோல் மேல் வைத்துக் குத்திப் பாருங்கள். பாகம் இன்னும் கைக்கு வரவில்லை என்றால், போர்டு ஆர்டரை அது வரும்வரை நிறுத்திவையுங்கள்.