டிமென்ஷியா பிரிவில் வேலையா? சிரிப்பு எங்கே கிடைக்கும் என்று சொல்கிறேன்

முதியோர் இல்லத்தில் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், உள்ளவர்களின் பிரிவுக்கு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு டயப்பர் மாற்றுவது, கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தூக்குவது, மாத்திரை நேரம் எல்லாவற்றையும் முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இந்த வேலையில் சந்தோஷமும் உண்டு, அது எந்த நேரத்தில் எட்டிப் பார்க்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. சாயங்காலம் மூன்று மணி 'ஆக்டிவிட்டி'யில் வரும் என்று காத்திருந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். தலை வாரும்போது, குளிக்கவைக்கும்போது, காபி ஆற்றிக் கொடுக்கும்போது வரும், ஒரு நிமிஷம் இருக்கும், போய்விடும்.

முதலில் எப்படிக் கூப்பிடுவது என்று பாருங்கள். எல்லோரையும் தாத்தா, பாட்டி என்பது நமக்குச் சுலபம், ஆனால் மனதுக்குள் நாற்பது வயதில் இருப்பவருக்கு அது வேறு யாரையோ கூப்பிடுவது மாதிரி இருக்கும். வீட்டில், ஆபீசில், தெருவில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தவரிடம் "டீச்சர், கொஞ்சம் வரீங்களா" என்றால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வருவார். அவரிடமே "பாட்டி, எழுந்திரு, குளிக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள், கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார், அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் நடக்காது.

கேட்கும்போதே அவர் எந்தப் பேட்டைக்காரர், என்ன வேலை பார்த்தார், காபியா டீயா, இள வயதில் என்ன பாட்டு கேட்டார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமரில், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி ஆரம்பத்திலேயே அடிவாங்குவதால், காலையில் சாப்பிட்ட இட்லி நினைவில் இருக்காது, ஆனால் சின்ன வயது நினைவுகள் அதைவிட ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். சென்னையில் டிராம் ஓடுவது நின்றது 1953-ல். எண்பதைத் தாண்டிய மெட்ராஸ்காரர் ஒருவரிடம் டிராம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள், சிலர் மணிச்சத்தத்தையே வாயால் அடித்துக் காட்டுவார்கள். ஒன்று மட்டும், "ஞாபகம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சை. "டிராம்ல கூட்டம் அதிகமா இருக்குமாமே" என்று நீங்களே எடுத்துக்கொடுங்கள்.

பேச்சு போன பிறகும் கைக்குப் பழகிய வேலை பல பேருக்கு நிற்கும். உதிரி மல்லியும் வாழைநாரும் ஒரு தட்டில் வைத்துப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள், எதுவும் சொல்ல வேண்டாம். வாயிலிருந்து வார்த்தையே வராத ஒரு அம்மா, இரண்டு பூவை இந்தப் பக்கம், இரண்டு பூவை அந்தப் பக்கம் வைத்து, நாரை விரலில் சுற்றி முடிச்சுக்குள் இழுத்துவிட்டு, நான் கட்டிய பகுதி தளர்வாக இருக்கிறது என்று அதைப் பிரித்துப் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படித் திட்டு வாங்குவது ஒரு சுகம். முருங்கைக்கீரை ஆய்வது, துவைத்த துண்டுகளை மடிப்பது எல்லாமே இப்படிப் பயன்படும். துண்டை ஏறுக்குமாறாக மடித்தாலும் அவர் கண் முன்னால் திருத்தி மடிக்காதீர்கள். எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவரிடம் சோழி, புளியங்கொட்டை கொடுத்துவிட்டு நகராதீர்கள், விழுங்கச் சிரமப்படுபவருக்குச் சுண்டல், வேர்க்கடலை வேண்டவே வேண்டாம்.

கஷ்டமான நேரம் பொழுது சாயும் நேரம்தான். பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்த ஒருவர் தினமும் ஐந்து மணிவாக்கில் எழுந்து, "சங்கு ஊதிட்டான், வீட்டுக்குப் போகணும்" என்று கதவை ஆட்டுவார். மில் மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு என்று சொன்னால் அடிதடிதான். "டிபன் பாக்ஸைக் கழுவிட்டுப் போலாம் சார்" என்றால் கூடவே வாஷ்பேசினுக்கு வருவார், கழுவிக்கொண்டே எந்தக் கேன்டீனில் வடை நன்றாக இருக்கும் என்று சொல்வார். இது பொய் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. மில் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை, அவர் இருக்கிற இடத்துக்குப் போய் நின்றேன், அவ்வளவுதான். "அம்மா எங்கே?" என்று கேட்டாலும் இதே வழி. செத்துப்போய்விட்டார் என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவருக்கு அது புது இழவு. அம்மா வைக்கும் குழம்பைப் பற்றிக் கேளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார், எதற்கு இந்த மெனக்கெடல் என்று சீனியர்களே சொல்வார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான, சிரிப்பான படத் துண்டுகளைக் காட்டிப் பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது. பார்த்த காட்சி மறந்த பிறகும் அது கொடுத்த சோகமோ சந்தோஷமோ அரை மணி நேரம் வரைகூட மனதில் இருந்தது. அதனால் குளியலுக்கு முன்னால் ஒரு பாட்டுப் பாடுங்கள். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை, அவர் திருத்துவார்.

சிரிப்பு சுத்தமாக வராத நாளும் உண்டு, அன்றைக்கு வற்புறுத்தாதீர்கள். ஆனால் வழக்கமாகச் சிரிப்பவர் திடீரென்று மந்தமாகவோ முரட்டுத்தனமாகவோ மாறினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்கேயாவது வலி, நம்ம ஊர் மே மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் விட்டது, எதுவாகவும் இருக்கலாம். காது மெஷினில் பேட்டரி தீர்ந்திருப்பதும் நடக்கும்.

அப்புறம், போன். அவர் ஆடுவதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிற வேலை வேண்டாம். ட்யூட்டி மாறும்போது நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: "5 மணி, டிபன் பாக்ஸ் பேச்சு எடுபட்டது. டிவி சீரியல் சத்தம் ஆகவில்லை, அணைத்தேன்." நைட் ட்யூட்டிக்கு வருகிறவர் பி.பி. அளவைப் பார்க்கும்போது இதையும் படிப்பார்.