பள்ளி திறந்துவிட்டது என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு ஊர் மாறும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். செங்கல் சூளை, கட்டட வேலை, பனியன் கம்பெனி என்று பிழைப்பு எப்போது அழைக்கிறதோ அப்போதுதான் கிளம்ப முடியும். வீட்டில் ஒரு சாவு, நீண்ட நோய், திடீரென்று காலி செய்யச் சொன்ன வாடகை வீடு என வேறு காரணங்களும் உண்டு. இப்படிப் பிந்திவிட்ட பெற்றோர் செய்யும் மிகப் பெரிய தவறு, "இந்த வருடம் போகட்டும், அடுத்த ஜூனில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று தாங்களாகவே முடிவெடுத்துவிடுவதுதான். ஒரு வருடம் வீட்டில் இருந்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் சில்லறை வேலைக்கும் பழகிவிடுகிறது. மறுபடி வகுப்பறைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

அந்த முடிவுக்கு அவசியமே இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதன் 15-ஆவது பிரிவு, சேர்க்கைக்காக நீட்டித்த காலமும் முடிந்த பிறகு வந்தாலும் பிள்ளைக்கு இடம் மறுக்கக் கூடாது என்கிறது. இடம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்றும் அதே சட்டம் தனியாகச் சொல்கிறது. தனியார் பள்ளியில் இடம் நிரம்பியிருந்தால் அது வேறு விஷயம். ஆனால் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை "தேதி முடிந்துவிட்டது" என்ற பதிலுக்கு இடமில்லை.

அடுத்த தவறு, மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) கைக்கு வரட்டும் என்று காத்திருப்பது. பழைய பள்ளியில் கட்டணப் பாக்கி இருக்கும், டி.சி. தர மாட்டார்கள், அதற்காகப் பிள்ளை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும். அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும்போது டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்பது சட்டத்தின் 5-ஆவது பிரிவு. கட்டணப் பாக்கியை வசூலிக்க டி.சி.யைக் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் தெளிவாகச் சொன்னது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகவும் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் நடைமுறையில் ஒரு முடிச்சு இருக்கிறது: பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் (EMIS) இணையதளத்தில் பழைய பள்ளி மாணவரின் பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். எனவே பிள்ளையின் எமிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி இழுத்தடித்தால் அதோடு வாதாடிக்கொண்டிருக்காமல் வட்டாரக் கல்வி அலுவலரிடம் செல்லுங்கள். அது முடியும் வரையிலும் பிள்ளை வகுப்பில் உட்காரட்டும்.

வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு, வாய்வார்த்தையாகவே "இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வருபவர்கள்தான் அதிகம். பள்ளி வாசலில் யாரோ சொன்ன பதிலை வைத்து எந்த அதிகாரியிடமும் முறையிட முடியாது. தலைமையாசிரியர் பெயருக்கு, பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, கடைசியாகப் படித்த வகுப்பு, இப்போதைய முகவரி நான்கையும் எழுதி ஒரு விண்ணப்பம் கொடுங்கள். நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். எழுத்தில் விண்ணப்பம் வந்த பிறகு மறுப்பது அவ்வளவு எளிதல்ல. பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணையும் பயன்படுத்தலாம்.

இடம் கிடைத்தால் போதும் என்று கீழ் வகுப்பில் சேர்க்கச் சம்மதித்துவிடுவதும் தவறு. படிப்பை இடையில் விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பதே சட்டம். ஒன்பது வயதுப் பிள்ளையை ஏழு வயதுக் குழந்தைகளோடு உட்காரவைத்தால் அது கூசிப்போகும்.

இனி, பலர் கவனிக்காமல் விடும் ஒன்று. ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குப் பிந்திவிட்டோம் என்று நினைத்து, "ஒரே ஒரு வருடம் மட்டும்" என்று அருகில் உள்ள தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இலவச ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனி விதி உண்டு. நாமாகப் பணம் கட்டிச் சேர்த்தால் அந்த ஒரு வருடமே தகுதியைக் கெடுத்துவிடும். மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்றுதான் பார்க்கின்றன. அவசரத்தில் எடுத்த ஒரு முடிவு ஆறேழு வருடம் கழித்துக் கல்லூரி வாசலில் வந்து நிற்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. ஆகஸ்டு ஆனாலும் சரி, செப்டம்பர் ஆனாலும் சரி, அரசுப் பள்ளியையே முதலில் கேளுங்கள்.

தனியார் பள்ளிதான் வேண்டும் என்பவர்கள், தாமதமாக வந்தவர்களின் பதற்றத்தைப் பார்த்து நன்கொடை கேட்கும் இடங்களில் ஏமாறக் கூடாது. நன்கொடை வாங்குவது குற்றம். வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அந்த 25 விழுக்காடு இலவச ஒதுக்கீட்டை மட்டும் நம்பிக் காத்திருப்பதும் ஆபத்து. 2025-26 கல்வியாண்டில் அந்தச் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவரை பிள்ளை எங்கேயாவது படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து நிலைமை மாறுகிறது. 14 வயதுக்குப் பிறகு இந்தச் சட்டத்தின் பலம் இல்லை, இடத்தைப் பொறுத்தே சேர்ப்பார்கள். ஒவ்வொரு நாளும் முக்கியம். பத்தாம் வகுப்புத் துணைத் தேர்வில் தேறியவர்கள் அதே ஆண்டிலேயே பதினொன்றில் சேரலாம். கேட்ட பாடப்பிரிவு ஒரு பள்ளியில் நிரம்பியிருந்தால், அசல் மதிப்பெண் சான்றிதழுக்காகக் காத்திருக்காமல் தற்காலிகச் சான்றிதழோடு அன்றைக்கே அடுத்த பள்ளிக்குச் செல்லுங்கள்.