டேட்டாபேஸ் மீட்பு: முதலில் டிஸ்க்கிலிருந்து கையை எடுங்கள்

டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிபுணர்களிடம் கொடுத்துவிடுங்கள். சத்தமில்லாமல், படிக்கும்போது மட்டும் திணறுகிற டிஸ்க்குக்குத்தான் இந்த வழி.

என் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் இருந்த டிஸ்க் அப்படித்தான் திணறியது. பதற்றத்தில், விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினேன். அதற்கு ஃபைல் சிஸ்டம்தான், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்புதான், முக்கியம். நம் ஃபைல்களைப் பலி கொடுக்கத் தயங்காது. என் டேபிள்களில் சில, ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டருக்குள் ஃபைல்0000.சிஹெச்கே என்பதுபோலப் பெயரிழந்து கிடந்தன. எது எந்த டேபிள் என்று கண்டறியவே ஓர் இரவு போயிற்று.

செய்திருக்க வேண்டியது வேறு; அதைப் பிறகுதான் செய்தேன். பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, பழுதான டிஸ்க்கை மவுன்ட் செய்யாமலேயே (ஃபைல்களைத் திறக்கும்படி கணினியோடு இணைக்காமலேயே), அதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்றுக்கு, பழுதான டிஸ்க்குகளைப் படியெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவி கொண்டு முழு இமேஜ், அதாவது டிஸ்க்கின் அச்சுப்படி, எடுக்க வேண்டும். மேப் ஃபைல் கொடுக்க மறக்காதீர்கள். எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்றில் நல்ல பகுதிகளை அள்ளிவிட்டு, கெட்ட செக்டர்களோடு (டிஸ்க்கில் சரியாகப் படிக்க வராத சிறு பகுதிகளோடு) மல்லுக்கட்டுவதை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இமேஜுக்கும் ஒரு நகல் எடுத்து, நகலை ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்யுங்கள். மைஎஸ்கியூஎல் என்றால், டேபிள்கள் இருக்கும் ஐபிடி ஃபைல்களை மட்டும் பொறுக்காமல், பொதுவான ஐபிடேட்டா1 ஃபைல், லாக் ஃபைல்கள் உட்பட டேட்டா ஃபோல்டரை முழுதாக எடுங்கள். வேறொரு கணினியில் அதே பதிப்பு மைஎஸ்கியூஎல்லை நிறுவி, ஃபோல்டரை அங்கே வையுங்கள். சர்வர் எழவில்லையென்றால் மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியைப் பழுதோடும் எழவைக்கும் 'இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி' அமைப்பின் மதிப்பை 1 என்று வைத்து, தேவைப்பட்டால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 4 முதல் 6 வரையிலான மதிப்புகள் டேட்டாவை நிரந்தரமாகச் சிதைக்கக்கூடும். நகலில் வேலை செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

சர்வர் எழுந்ததும் டேபிள் டேபிளாக டம்ப் (டேட்டாவை வெளியே எழுதிய ஃபைல்) எடுங்கள். எனக்குப் பில் டேபிளில் பாதி வழியில் சர்வர் சுருண்டு விழுந்தது. ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி எண்ணான பிரைமரி கீ வரிசையில் சிறு சிறு துண்டுகளாகப் படித்துக்கொண்டே போய், விழும் இடத்தைக் குறித்துக்கொண்டேன். பிறகு இறங்குவரிசையில், கடைசி வரியிலிருந்து பின்னோக்கி வந்தேன். இரண்டு பக்கமும் முட்டி நின்ற இடைவெளியில் முப்பத்தொரு பில்கள் மாட்டியிருந்தன. இன்னோடிபி டேட்டாவைப் பேஜ் என்ற துண்டுகளாகத்தான் சேமிக்கும்; ஒரு பேஜ் இயல்பாக 16 கேபி. போனது அப்படியொரு பேஜ்தான் என்று கணித்தேன்.

ஒரே ஃபைலில் இருக்கும் சிறு டேட்டாபேஸான எஸ்கியூலைட் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. கூடவே, பெயர் '-wal' என்று முடியும் ஃபைல் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்து, எஸ்கியூலைட்டின் கமாண்ட் லைன் கருவியில் ரெகவர் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்.

டம்ப்பைப் புதிய சர்வரில் ஏற்றிய பிறகும் பழைய டிஸ்க்கை நான் வீசிவிடவில்லை. இரண்டு நாள் கழித்து அதே மேப் ஃபைலோடு டிடிரெஸ்க்யூவை எதிர்த்திசையில் ஓட்டினேன். விடுபட்ட செக்டர்களில் சில வந்தன, முப்பத்தொன்றும் கிடைத்துவிட்டன.