கோஜி பெர்ரி மாத்திரையா? முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள்

சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிக்கு வந்த தம்பி, கோஜி பெர்ரி என்ற சின்னச் சிவப்புப் பழத்தில் செய்த மாத்திரை டப்பா ஒன்று கொண்டுவந்தான். "சர்க்கரை குறையுமாமே" என்று வளவுத் தூணில் சாய்ந்தபடி அப்பத்தா மூடியைத் திருகப் பார்த்தார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் வேலை, மருந்துச் சீட்டைப் பார்ப்பது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை அதில் இருந்தால் கோஜி வேண்டவே வேண்டாம். ரத்தம் உறைவது மேலும் குறைந்து ரத்தக்கசிவு வரலாம். இதய வால்வு மாற்றியதிலிருந்து அப்பத்தா தினமும் போடுவது அந்த மாத்திரைதான். நல்லவேளை, திறக்கவில்லை.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். சர்க்கரையும் கொழுப்பும் சற்றுக் குறைவதாகச் சொல்லும் ஆய்வுகள் சிறியவை. அதை நம்பி மருந்தை நிறுத்தவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

தடை எதுவும் இல்லையா? சரி, மாத்திரையை விட்டுவிட்டு உலர்ந்த பழமாக வாங்குங்கள். சுருங்கிச் சிவந்து, திராட்சையைவிட ஒல்லியாக, இனிப்போடு லேசாகத் துவர்க்கும். ஒரு மேசைக்கரண்டி போதும், வெந்நீரில் ஊறட்டும். அதிலுள்ள ஸியாக்சாந்தின் என்ற நிறமிச் சத்து கொழுப்பில் கரைவது. அதனால் நெய் விட்ட பருப்புச் சோற்றோடு சாப்பிடுங்கள். அப்புறம், இது தக்காளி, கத்தரி குடும்பத்துச் செடி. அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதையும் தவிர்த்துவிடுங்கள்.