கேத்தே கோல்விட்ஸ் பற்றி மூன்று நிமிடப் படம்: ஒரு லினோ ஷீட் போதும்

போர்க்காலக் கலைஞர் ஒருவரைப் பற்றிக் குறும்படம் என்றதும் குண்டுச் சத்தத்தையும் பழைய செய்திப்படத் துண்டுகளையும் தேடாதீர்கள். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் கதையை ஒரு லினோ ஷீட் (உளியால் செதுக்கி, மை உருட்டி, தாளில் அச்செடுக்கும் மென்மையான தகடு; செதுக்கிய இடம் அச்சில் வெள்ளையாக விழும்), இரண்டு உளி, கறுப்பு மை, ரோலர், ஒரு போன் இவ்வளவை வைத்தே சொல்லலாம்.

முதலில் கதை. 1914-ல், முதல் உலகப் போர் தொடங்கியபோது, இளைய மகன் பீட்டருக்கு 18 வயது, ராணுவத்தில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டும், அப்பா மறுக்கிறார், மகனுக்காகப் பேசி அதை வாங்கிக் கொடுத்தது அம்மா கேத்தேதான். அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் இறந்துபோனான். அவனுக்கு நினைவுச் சிற்பம் செய்ய கேத்தே அந்த ஆண்டே முடிவெடுத்தார். அது கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது 1932-ல். முதல் திட்டத்தில் மகன் படுத்திருப்பான், தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. 1919-ல் அதைக் கைவிட்டார். பல ஆண்டு கழித்துத் திரும்பத் தொடங்கி முடித்தபோது தனித்தனியே மண்டியிட்ட அப்பாவும் அம்மாவும் மட்டுமே இருந்தார்கள். மகன் இல்லை.

இதை அப்படியே செதுக்குங்கள். 18 ஆண்டு, ஆண்டுக்கு 10 விநாடி, மொத்தம் 180 விநாடி. எதுவும் செதுக்காத ஷீட்டில் மை உருட்டி எடுக்கும் முதல் அச்சு முழுக் கறுப்பு. அப்புறம் கொஞ்சம் செதுக்கி ஓர் அச்சு, இன்னும் கொஞ்சம் செதுக்கி இன்னோர் அச்சு என்று ஆண்டுக்கு மூன்று எடுங்கள், மூன்று உருவங்களும் மெல்ல வெளியே வரும். சிற்பத்தைக் கைவிட்டிருந்த 1920 முதல் 1923 வரை 40 விநாடி வெறும் கறுப்புத் திரை. பார்ப்பவர்கள் நெளிவார்கள், பரவாயில்லை, குறைக்காதீர்கள். திரை திரும்பும்போது மகனின் உருவத்தைச் சுரண்டி எடுக்கத் தொடங்குங்கள், கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவில் வெள்ளை மட்டும் மிஞ்சட்டும். செதுக்கிய இடத்தைத் திரும்ப நிரப்ப முடியாது, அதனால் ஒவ்வொரு அச்சையும் படம் பிடித்துச் சரிபார்த்த பிறகே அடுத்த வெட்டு.

லினோவைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் உளி சுலபமாக இறங்கும். தாங்கிப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். போனை ட்ரைபாடில் நிறுத்தி எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) ஃபோகஸையும் மாறாதபடி லாக் செய்துவிடுங்கள். இல்லையென்றால் வெள்ளை கூடக்கூட போன் தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும், கறுப்பு ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு கறுப்பாக இருக்கும்.

இசை வேண்டாம். அந்த இருட்டு ஆண்டுகளில் கேத்தே சும்மா இருக்கவில்லை, ‘போர்’ என்ற ஏழு மரச்செதுக்கு ஓவியங்களை 1921, 1922-ல்தான் செய்தார். ஆகவே அந்த 40 விநாடிக்கு மரத்தில் உளி ஓடும் சத்தத்தை, ராத்திரியில் ஃபேனை நிறுத்திவிட்டு, மிக நெருக்கத்தில் பதிவு செய்யுங்கள்.

கடைசி அச்சுக்குப் பிறகு சத்தத்தை முழுவதும் நிறுத்தி, வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி: 1942-ல், பீட்டர் என்றே பெயர் வைத்திருந்த பேரனும் ரஷ்யப் போர்முனையில் இறந்தான்.