என்ஜின் ஆயிலை நாமே மாற்றுவதா, மெக்கானிக்கிடம் விடுவதா: பெங்களூரு கார்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரின் என்ஜின் ஆயிலைத் தாமே மாற்றிக்கொள்ள நினைப்பவர்களில் பலர் பணம் மிச்சமாகும் என்றுதான் தொடங்குகிறார்கள். பெங்களூருவில் அந்தக் கணக்கு அவ்வளவாகத் தேறாது. ஆயிலின் விலையும் ஃபில்டரின் விலையும் யார் மாற்றினாலும் ஒன்றுதான். மிச்சமாவது கூலி மட்டுமே. தெருமுனை மெக்கானிக் வாங்கும் சில நூறு ரூபாய்க் கூலியை மிச்சம்பிடிப்பதற்காக ஜாக்கி, ஸ்டாண்டுகள், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச், ஃபில்டர் கழற்றும் பட்டை, ஆயில் பிடிக்கும் தட்டு என்று பல ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், வருடத்துக்கு ஓரிரு முறை மட்டுமே வரும் இந்த வேலையில் போட்ட பணம் திரும்புவதற்குள் காரையே விற்றிருப்போம். ஆனாலும் இந்த வேலையில் நாம் நேரடியாக ஈடுபடுவதற்கு வலுவான ஒரு காரணம் இருக்கிறது. என்ஜினுக்குள் போனது எந்த ஆயில், எத்தனை லிட்டர், ஃபில்டரை உண்மையிலேயே மாற்றினார்களா என்பது நமக்கு ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நாமே காருக்கு அடியில் படுக்கலாம். அல்லது ஆயிலையும் ஃபில்டரையும் நாமே வாங்கிக்கொண்டு போய், மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்கலாம். இந்த ஊரில் பெரும்பாலோருக்கு இரண்டாவது வழிதான் ஏற்றது என்பது என் கருத்து. முதல் வழிக்கு இடமும் பொறுமையும் உள்ளவர்களுக்காக அதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

வாரண்டிக் காலம் முடியாத கார் என்றால் இரண்டு வழியும் வேண்டாம். நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் தொடக்கச் சேவைகளுக்குக் கூலி வாங்குவதில்லை. ஆயில், ஃபில்டர் விலையை மட்டுமே கொடுக்கிறோம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தின் பதிவு விட்டுப்போனால், பின்னாளில் என்ஜினில் பெரிய கோளாறு வரும்போது கேட்கப்படும் முதல் கேள்வியே அந்தப் பதிவைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

எப்போது மாற்றுவது என்பதற்குக் கையேடு சொல்லும் கெடுவை முழுவதுமாகப் படிக்க வேண்டும். இங்கே பரவலாக ஓடும் மாருதி, ஹூண்டாய் பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அது என்பது பொதுவான கெடு. ஆனால் அதே கையேட்டில் கடினமான பயன்பாடு என்ற தலைப்பில், நின்று நின்று ஊரும் போக்குவரத்து, குறுந்தூர ஓட்டம், தூசி நிறைந்த சாலை ஆகியவற்றுக்கு இன்னும் குறுகிய கெடு கொடுத்திருப்பார்கள். சில்க் போர்டு சந்திப்பிலும் வெளிவட்டச் சாலையிலும் தினமும் ஊர்ந்து போகிற காரை எளிய பயன்பாட்டில் சேர்க்க முடியாது. கார் நின்றிருந்தாலும் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ஆயில் தேய்கிறது. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு மட்டும் போய்வரும் காரில் என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை என்பதால், ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. ஓசூர் வழியாகச் சேலத்துக்கோ வேலூருக்கோ மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வரும் காரின் ஆயில் இதைவிட நல்ல நிலையில் இருக்கும். ஆயில் கறுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து மாற்ற வேண்டாம். டீசல் என்ஜினில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும்.

ஆயிலைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிக அதிகமான தவறான ஆலோசனை கிடைக்கிறது. 5டபிள்யூ-30 என்று டப்பாவில் எழுதியிருந்தால், முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரிச் சூட்டில் அது எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் குறிக்கின்றன. பெங்களூருவின் குளிர்காலக் காலை பெரும்பாலும் 12 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை என்பதால், குளிரை நினைத்து நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்காக, "நம்ம ஊர் சூட்டுக்கு 20டபிள்யூ-50 தான் சரி" என்று பழைய மெக்கானிக் ஒருவர் சொன்னால் தலையாட்டிவிடவும் கூடாது. அவர் கற்றுக்கொண்ட என்ஜின்களுக்கு அது சரியாக இருந்தது. இன்றைய பெட்ரோல் என்ஜின்களில் ஆயில் செல்லும் வழிகளும், வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தாலேயே மாற்றும் அமைப்பும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. தடித்த ஆயில் ஊற்றினால் மைலேஜும் குறையும், குளிர்ந்த என்ஜினை முடுக்கும்போது மேல்பகுதிக்கு ஆயில் ஏறுவதும் தாமதமாகும். எண்ணுக்கு அடுத்தபடியாகத் தரக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆயில்களில் 2020இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற தரம், டர்போ என்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாறையும் டைமிங் செயின் தேய்வதையும் கணக்கில் கொண்டது. வாகனப் புகைக்கு வரம்பு வைக்கும் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய டீசல் காரில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைவாக விடும் ஆயிலையே ஊற்ற வேண்டும். சாதாரண டீசல் ஆயில் அந்த வடிகட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடும், அதை மாற்றும் செலவோ ஆயில் விலையைப்போல் பல மடங்கு. கையேட்டில் உள்ள எண்ணும் தரமும் டப்பாவில் இருந்தால் போதும், எந்த நிறுவனத்தின் ஆயில் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

வாங்குவதற்கு ஜே.சி. ரோடு இருக்கிறது. உதிரி பாகக் கடைகள் வரிசையாக உள்ள அந்தச் சாலையில் காரின் மாடலையும் வருடத்தையும் சொன்னால் ஃபில்டரையும், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெய்ன் போல்ட்டுக்கான வாஷரையும் எடுத்து வைத்துவிடுவார்கள். வாஷரைக் கேட்காமல் வந்துவிடுவது பலருக்கும் நேர்கிறது, ஆகவே கேட்டு வாங்குங்கள். போலி ஆயில் எல்லா ஊரிலும் புழங்குகிறது. மூடியின் முத்திரை வளையம் உடையாமல் இருக்கிறதா, மூடிக்கு அடியில் உள்ள தகட்டு ஒட்டு சீராக இருக்கிறதா, தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் தேய்க்காமல் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பில் தர மறுக்கும் கடையில் அச்சிட்ட விலையைவிட மிகக் குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

இனி இடம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இந்த வேலையைச் செய்யப் பெரும்பாலான சங்கங்கள் அனுமதிப்பதில்லை. ஒரு சொட்டு ஆயில் தரையில் பட்டாலும் குழுவில் படத்துடன் செய்தி வந்துவிடும். 30க்கு 40 மனையில் கட்டிய தனி வீடுகளிலோ, கார் நிற்கும் இடமே சாலையை நோக்கிச் சரிந்திருக்கும். சரிவில் காரைத் தூக்குவது ஆபத்து, ஆயில் அளவும் சரியாகத் தெரியாது. சாலையோரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். சமமான, கெட்டியான கான்கிரீட் தரையும் நல்ல வெளிச்சமும் உங்களுக்குச் சொந்தமாக இருந்தால் மட்டுமே மேற்கொண்டு படியுங்கள். இல்லாதவர்கள் மெக்கானிக்கைப் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கால் மணி நேரம் காத்திருங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிநிலையில் இருந்தால் கை வெந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். காருடன் வரும் ஜாக்கி, ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அதன் மேல் நிற்கும் காருக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டவே கூடாது. ட்ராலி ஜாக்கியால் தூக்கி, கையேட்டில் குறித்த இடங்களில் இரண்டு ஸ்டாண்டுகளை வைத்து, காரை அவற்றின் மேல் இறக்கி, கையால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அசையவில்லை என்று உறுதியான பிறகே அடியில் நுழையுங்கள். எந்தத் தெருவிலும் கட்டுமானம் நடக்கும் இந்த ஊரில் ஹாலோ பிளாக் கற்கள் சும்மா கிடைக்கின்றன என்பதற்காக அவற்றை ஸ்டாண்டாக வைப்பவர்கள் உண்டு. அந்தக் கல் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கிவிடும்.

பானட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வையுங்கள். அடியில் பிளாஸ்டிக் தட்டு மறைத்திருந்தால் அதன் கிளிப்புகளை உடைக்காமல் எடுக்க வேண்டும். பிறகு ட்ரெய்ன் போல்ட்டை அடையாளம் காணுங்கள். என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் போல்ட்டும் கியர் பாக்ஸின் போல்ட்டும் பல கார்களில் அருகருகே இருக்கின்றன. கியர் ஆயிலை வடித்துவிட்டு என்ஜினில் இரட்டிப்பு ஆயில் ஊற்றி இரண்டையும் கெடுத்துக்கொள்வது எந்த நாட்டிலும் நடக்கிற விபத்து. போல்ட் பெரும்பாலும் 14 அல்லது 17 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ரிங் ஸ்பானரோ சாக்கெட்டோ மட்டும் பயன்படுத்துங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பானர் போல்ட்டின் தலையை உருட்டிவிடும்.

ரப்பர் கையுறை அவசியம், ஏனென்றால் பழைய ஆயில் தோலில் தொடர்ந்து படுவது புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது. ஸ்பானரால் பிடியைத் தளர்த்திய பிறகு விரலால் சுழற்றுங்கள். சுழற்றும்போதே போல்ட்டை உள்பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தால் கடைசி மரை விடுபடும்வரை ஆயில் கசியாது. மரை விட்டதும் வெடுக்கென்று பக்கவாட்டில் இழுத்துவிட வேண்டும். முதல் தாரை ஒரு கை தூரம் தள்ளிப் பாயும், பிறகு மெலிந்து நேராக விழும். தட்டை அதற்கேற்ப நகர்த்துங்கள். வடிய கால் மணி நேரம் ஆகும். அதற்குள் போல்ட்டைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துப் பாருங்கள். காந்தம் உள்ள போல்ட்டில் சாம்பல் நிறக் குழைவு படிந்திருப்பது இயல்பு. கையில் உறுத்தும் உலோகச் செதில்கள் இருந்தாலோ, வடிந்த ஆயில் பால் கலந்த காப்பிபோல் இருந்தாலோ, என்ஜினுக்குள் வேறு பிரச்சினை தொடங்கிவிட்டது, நல்ல மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

புது வாஷர் போட்டுப் போல்ட்டை முதலில் விரலாலேயே ஏற்றுங்கள். பல சிறிய கார்களில் இதற்கான இறுக்கம் 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள்தான். உங்கள் காருக்குரிய அளவைக் கண்டறிந்து டார்க் ரென்ச்சை அதில் வையுங்கள். சம்ப் அலுமினியமாக இருந்தால் முழு பலத்தையும் போட்டு முறுக்கினால் மரை போய்விடும், பிறகு சம்ப்பையே மாற்ற நேரலாம். ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புது ஃபில்டர் ஏறினால் சாலையில் போகும்போதே ஆயில் முழுவதும் கொட்டிவிடும். புது வளையத்தில் ஒரு சொட்டுப் புது ஆயில் தடவி, வளையம் என்ஜினைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று மட்டும் கையால் முறுக்குங்கள்.

கையேட்டில் 3.1 லிட்டர் என்றிருந்தால் 2.8 லிட்டரோடு நிறுத்தி, மூடியைப் போட்டு, அரை நிமிடம் என்ஜினை ஓடவிடுங்கள். ஆயில் விளக்கு அணைகிறதா, அடியில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காரைத் தரையில் இறக்கி, பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுங்கள். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும். கோட்டைத் தாண்டினால் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரைக்க வைக்கும். நுரை என்ஜினைக் காக்காது.

வடித்த பழைய ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. சாலையோர வடிகாலில் ஊற்றினால் அது ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகும். சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்டு வாங்கிப்போகும் ஆட்களிடமும் கொடுக்க வேண்டாம், மழையில் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்குக் கழிவு ஆயிலைக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப் எது என்று ஆயில் மாற்றுவதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

மெக்கானிக்கிடம் போகிறவர்கள் ஞாயிறு காலையைத் தவிர்த்து, வேலை நாளில் காலை பத்து மணிக்குப் போனால் காரை விட்டுவிட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள். "அண்ணா, ஆயிலும் ஃபில்டரும் நானே கொண்டுவந்திருக்கேன், கூலி எவ்வளவு?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சிலர் தங்களிடமே ஆயில் வாங்க வேண்டும் என்பார்கள். அது அவர்களுடைய தொழில், வருத்தமில்லாமல் அடுத்த கடைக்குப் போகலாம். பழைய ஃபில்டரின் அடிப்பகுதியில் வீட்டிலேயே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், மாற்றினார்களா என்பது தெரிந்துவிடும். ஃபில்டர் கை எட்டாத இடத்தில் இருந்தால், கழற்றியதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்காமல் கையால் முடிக்கச் சொல்லுங்கள். மீதி ஆயிலை எடுத்துக்கொண்டு, காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிட்டு வாருங்கள். போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்குத் தேவைப்படுவது முழு டப்பாதான்.

யார் மாற்றியிருந்தாலும் மறுநாள் காலை கார் நின்ற தரையைப் பாருங்கள். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு டிப்ஸ்டிக்கை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். டேஷ்போர்டில் சர்வீஸ் நினைவூட்டல் இருந்தால் அதையும் மீட்டமைத்து, தேதி, கிலோமீட்டர், ஆயிலின் எண் மூன்றையும் எழுதி, ஆயில், ஃபில்டர் பில்களைக் காரின் ஆவணங்களோடு வைத்துக்கொண்டால், காரை விற்கும்போது வாங்குகிறவரிடம் காட்ட உதவும்.