பார்த்திமேயுவோடு கால் மணி நேரம்

சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் தமிழ்த் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, பெங்களூருக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, பூசைக்குத் தவறாமல் வருகிறேன், செபமாலையும் சொல்கிறேன். ஆனாலும் கடவுளோடு நெருங்கிப் பழகியதுபோல் இல்லையே?" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடரை நண்பர்கள் என்கிறார். நண்பரைப் பார்க்கும்போதெல்லாம் மனுவை மட்டுமே நீட்டினால் நட்பு எப்படி வளரும்? அவர் பேசுவதையும் கேட்க வேண்டும். அதற்குத்தான் நற்செய்தித் தியானம்.

முதலில் நேரமும் இடமும். தொடங்குகிறவர்களுக்குக் கால் மணி நேரம் போதும். பஸ்ஸில் போகும்போது செபமாலை சொல்லலாம். தியானத்துக்கு ஓர் அமைதியான மூலை தேவை. எனக்கு அது சமையலறை ஓரத்து முக்காலி, விடியற்காலை ஐந்தேகால் மணி. கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

வாசகத்துக்கு வரும் ஞாயிறு நற்செய்தியை எடுக்கலாம். முதல் தடவை என்றால் மாற்கு 10:46-52: எரிகோ நகரை அடுத்த சாலையோரம் பிச்சையெடுத்த பார்வையற்ற பார்த்திமேயு, இயேசுவைக் கூவி அழைத்துப் பார்வை பெற்ற நிகழ்ச்சி. சிலுவை அடையாளம் வரைந்து, தூய ஆவியாரை அழைத்து, வாய்விட்டு மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள்.

பிறகு கண்ணை மூடி அந்த இடத்துக்குள் போங்கள். இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் கற்றுத்தந்த வழி இது. எரிகோவின் சாலை, புழுதி, நெருக்கும் கூட்டம். "பேசாதிரு" என்று அதட்டுகிறவர்களில் நீங்களும் ஒருவரா? ஒரு டிசம்பர் காலையில் நான், இயேசு அழைத்ததும் பார்த்திமேயு "மேலுடையை எறிந்துவிட்டு" வரும் இடத்தில் நின்றுவிட்டேன். என் தோளில் கம்பளிப் போர்வை. அந்தக் குளிரில் அதை விலக்கவே மனம் வராது. சாலையோரம் பிச்சையெடுத்தவருக்கு இரவில் போர்த்திக்கொள்ள வேறு என்ன இருந்திருக்கும்? பார்வை கிடைக்கும் முன்பே எறிகிறார். எறிந்ததைத் தேடி எடுக்கக் கண்ணும் இல்லை. அன்று அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. ஒரு சொல் உங்களைப் பிடித்து நிறுத்தினால், நின்றுவிடுங்கள். முழுப் பகுதியையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இனிப் பேச்சு. நண்பர் நண்பரோடு பேசுவதுபோல் பேசுங்கள் என்கிறார் இஞ்ஞாசியார். நம்மில் பலர் தடுமாறுவது இங்கேதான். செபப் புத்தகம் "நீர்", "உம்மை" என்று பழக்கியிருக்கிறது. சொந்தமாகப் பேச வாயைத் திறந்தால் அந்த நடையே வந்து, சொல்ல வந்தது உள்ளேயே தங்கிவிடுகிறது. வீட்டில் அப்பாவிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள். "நீங்கள்" வந்தாலும் சரி, "நீ" வந்தாலும் சரி. நாள் முழுக்க ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் உழைத்த நாக்கு இங்கே தாய்மொழிக்குத் திரும்பட்டும். பார்த்திமேயுவிடம் கேட்டதையே இயேசு உங்களிடமும் கேட்கிறார்: நான் உமக்கு என்ன செய்ய வேண்டும்? "வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது" என்பதுதான் உண்மை என்றால், அதையே சொல்லுங்கள். கோபம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

சொல்லி முடித்தபின் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பராக்கு வரும், கீழ்வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடும், அலுவலகக் கணக்கு நினைவுக்கு வரும். அதோடு மல்லுக்கட்டாமல், நின்ற சொல்லுக்கே திரும்பி வாருங்கள். எதையும் உணராத நாட்களிலும் எழுந்துவிடாமல் கால் மணி நேரத்தையும் அவருக்கே கொடுங்கள். இறுதியில் ஒரு "விண்ணகத்திலிருக்கிற எங்கள் தந்தையே".

உங்களை நிறுத்திய சொல்லை ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதி வையுங்கள். மறுநாள் புது வாசகம் தேட வேண்டாம். இஞ்ஞாசியாரும் திரும்பத் தியானிக்கச் சொல்கிறார். அதே எரிகோ சாலையில், முந்தைய நாள் நின்ற இடத்திலிருந்தே தொடங்குங்கள்.